‘கடைசியாக எப்போது காசு கட்டினீர்கள்?’: நேஷனல் டெப்ட்லைனுக்குப் போன் எடுத்த கதை

காசு வாங்காமல் உதவி செய்கிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். லண்டனில் 23 வருடம் இருந்ததில் ஒட்டிக்கொண்ட புத்தி. அதனால், கடனில் மாட்டினவர்களுக்குப் போனில் இலவசமாக ஆலோசனை சொல்கிற நேஷனல் டெப்ட்லைனுக்குப் போன் எடுக்க முன்னர் 8 நாளை வீணாக்கினேன். ஒரு கடன் கடிதத்துக்குப் பதில் போடக் கையில் இருந்ததே 30 நாள். அதிலும் ஒரு கிழமையைத் தபால் தின்றுவிட்டிருந்தது.

கடிதம் என் கைக்கு வந்தது 2024 பெப்ரவரி 12, திங்கட்கிழமை. இரவு வேலை முடிந்து ஹரோவுக்கு வந்து, குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டே பிரித்தேன். தடித்த உறை, உள்ளே பத்துப் பக்கத்துக்கு மேல். வடக்கு இங்கிலாந்தில் இருக்கும் ஒரு சொலிசிட்டர் நிறுவனம். அவர்களுடைய கட்சிக்காரர் நான் வாழ்நாளில் கேள்விப்படாத ஒரு கம்பெனி. நான் 2,846 பவுண்ட் 17 பென்ஸ் தரவேண்டுமாம். கடிதத்தின் திகதியிலிருந்து 30 நாளுக்குள் பதில் இல்லையென்றால் வழக்குப் போடுவார்களாம், கோர்ட் செலவும் வட்டியும் என் தலையில் ஏறுமாம். திகதி பெப்ரவரி 5 என்று போட்டிருந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய எழுத்தில், ஒரு வங்கியின் பெயர். அதைக் கண்ட பிறகுதான் விளங்கியது. ஈஸ்ட்ஹாமில் இருந்த காலத்துக் கடனட்டை. வங்கி அந்தக் கடனை இந்தக் கம்பெனிக்கு விற்றிருக்கிறது.

அந்தக் கடன் பொய்யில்லை. 2012-இல் எடுத்தேன். குளிர்சாதனப் பெட்டியும் ஊருக்குப் போக விமான டிக்கெட்டும் அதில் வாங்கினவைதான். 2015-இல் நான் வேலை செய்த களஞ்சியசாலையை மூடினார்கள், நாலு மாதம் வீட்டில் இருந்தேன். அட்டை நின்றுபோனது. பிறகு வீடு மாறினோம், கடிதங்கள் பழைய முகவரிக்கே போயின. நானும் தேடிப் போகவில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபமில்லை, வெட்கம். வெட்கப்படுகிறவன் யோசிக்க மாட்டான், அவசரப்படுவான்.

மனைவியின் தம்பியிடம் காட்டினேன். “குப்பையில போடுங்கோ அத்தான். பழைய கடனுக்கு உவங்கள் சும்மா வெருட்டுறாங்கள்” என்றான். அப்படிச் சொல்கிறவர்கள் எங்கள் ஆட்களில் கனபேர். நானும் இரண்டு நாள் அதை நம்பிப் பார்த்தேன், நித்திரை வரவில்லை.

பிறகு, கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே அறை வைத்து, விசா விண்ணப்பம், வரிக் கணக்கு, கடிதம் எல்லாம் எழுதித் தருகிற ஒருவரிடம் போனேன். நல்ல மனிதர்போலத்தான் கதைத்தார். “அண்ணை, யோசிக்காதேங்கோ. கஷ்டப்படுறம் எண்டு எழுதி, மாசம் இருபது பவுண்ட் கட்டுறதாச் சொன்னால் விட்டுடுவாங்கள்.” கட்டணம் 120 பவுண்ட். கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். கடன் எந்த வருடத்தது என்று ஒரு சொல் கேட்கவில்லை. மாதம் 20 பவுண்ட் என்றால் 2,846-ஐக் கட்டி முடிக்கக் கிட்டத்தட்ட 12 வருடம். எனக்கு இப்போது 52. காசு எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அதற்கிடையில் நானே ஒரு வேலை தொடங்கியிருந்தேன். கடிதத்தோடு ஒரு பதில் படிவமும், வரவு செலவு எழுதுகிற நீளமான படிவம் ஒன்றும் வந்திருந்தன. எனக்குப் படிவத்தைக் கண்டால் நிரப்பாமல் இருக்க முடியாது. பென்சிலால் எழுத ஆரம்பித்தேன்: வாடகை, கவுன்சில் வரி, காஸ், மின்சாரம், சாப்பாடு. பொழுதுபோக்கு என்ற இடத்தில் பிள்ளையின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் காசைப் போடலாமா என்று ஒரு மணித்தியாலம் யோசித்திருப்பேன். கடன் கேட்கிறவனுக்கு நாங்கள் கிழமைக்கு எத்தனை பவுண்டுக்கு மீன் வாங்குகிறோம் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேனே என்று கை கூசியது.

அந்தப் படிவத்தைப் புரட்டும்போதுதான் உறைக்குள் இருந்த தகவல் தாளைக் கண்டேன். இலவசமாகக் கடன் ஆலோசனை சொல்கிற அமைப்புகளின் பட்டியல் அதில் இருந்தது. சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெப்ட்லைன். வெருட்டுகிற கடிதத்தோடேயே உதவிக்கான இலக்கமும் வந்திருக்கிறது. சொலிசிட்டருக்கு இரக்கம் வந்து வைத்ததில்லை அது. 2017 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருக்கும் விதி. தனியாள் ஒருவர் மீது கடன் வழக்குப் போடுவதற்கு முன் நிறுவனங்கள் இந்தத் தாளையும் பதில் படிவத்தையும் அனுப்பி 30 நாள் பொறுக்க வேண்டும். நான் 8 நாளாக முதல் பக்கத்தையே திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெப்ரவரி 20, செவ்வாய் காலை எடுத்தேன். நேஷனல் டெப்ட்லைனை நடத்துவது மணி அட்வைஸ் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம். கதைத்த பெண்ணுடைய ஆங்கிலத்தில் பர்மிங்ஹாம் இழுவை இருந்தது. நான் ஒப்பித்து வைத்திருந்த கதையை, வேலை போனது, வீடு மாறியது, பிள்ளைகள் என்று சொல்லத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “கடைசியாக எப்போது காசு கட்டினீர்கள்?”

தெரியாது என்றேன். 2015 ஆக இருக்கலாம், 2016 ஆகவும் இருக்கலாம்.

அடுத்தது: “அதற்குப் பிறகு இந்தக் கடன் உங்களுடையது என்று எழுத்தில் எங்காவது ஒப்புக்கொண்டீர்களா?” மூன்றாவது: “ஏற்கெனவே இதற்கு உங்கள் மீது கோர்ட் தீர்ப்பு இருக்கிறதா?”

இந்த மூன்றும்தான். கடிதம் வந்த நாள் முதல் யாரும் கேட்காத கேள்விகள். அதைவிட விசேஷம், பத்துப் பக்கத்துக்கு மேல் எழுதியிருந்த சொலிசிட்டர் கடிதத்திலும் இந்தத் திகதிகள் இல்லை. தொகை இருந்தது, பென்ஸ் கணக்கோடு. ஒப்பந்த இலக்கம் இருந்தது. நான் கடைசியாகக் கட்டிய நாள் மட்டும் இல்லை.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். என்னுடையது வேலையிடத்து ஆங்கிலம், ‘அப்படியென்றால் என்ன?’ என்று ஆறேழு தரம் கேட்டேன், ஒரு தரமும் சலித்துக்கொள்ளவில்லை. 1980-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, கடனட்டை போன்ற சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 வருடம்தான் அவகாசம். இடையில் ஒரு பவுண்ட் கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்து வைத்தாலும் அந்த 6 வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஆனால் 6 வருடம் முழுதாக முடிந்துவிட்டால், அதற்குப் பிறகு கட்டினாலும் எழுதினாலும் செத்த வழக்கு எழும்பாது. இதற்கு அங்கே சொல்வது ‘ஸ்டாட்யூட் பார்ட்’.

எங்கிருந்து எண்ணுவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான் கடைசியாகக் கட்டிய நாளிலிருந்து என்றுதான் நினைத்தேன். கடனட்டையில் அப்படியில்லையாம். வங்கி, தவணை தவறிவிட்டது என்று ‘டிஃபோல்ட் நோட்டீஸ்’ அனுப்பி, அதில் கொடுத்த கெடு முடிந்த பிறகுதான் மணிக்கூடு ஓடத் தொடங்கும் என்று 2019-இல் அப்பீல் கோர்ட் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே கடைசிக் கட்டுக்கும் மணிக்கூடு ஓடத் தொடங்குவதற்கும் இடையில் சில மாதம் விழலாம். “6 வருடம் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று யாராவது வந்தால் நாங்கள் அவசரப்பட்டுச் சந்தோசப்படுவதில்லை. உங்கள் திகதிகளைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி எடுங்கள்” என்றார்.

தேடினேன். அலுமாரிக்கு மேலே, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒட்டிய பட்டி இன்னும் கிழியாமல் இருக்கிற ஒரு சூட்கேஸ். நான் கடதாசி எறியாத ஆள். மனைவி இதற்காக என்னைத் திட்டாத வருடமில்லை. அதற்குள் 2015-ஆம் ஆண்டு வங்கிக் கூற்றுகள். மார்ச் 23, கடனட்டைக்கு 40 பவுண்ட் போயிருக்கிறது. ஏப்ரல் 23, அதே 40 பவுண்ட், காசு இல்லாமல் திரும்பியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பெயரே இல்லை. இன்னொரு கடதாசியும் கிடைத்தது. 2018-இல் வீடு வாங்க ஆசைப்பட்டு ஒரு முகவரிடம் போனபோது அவர் எடுத்துத் தந்த கடன் அறிக்கை. அதில் இந்தக் கணக்குக்கு நேரே ‘டிஃபோல்ட், ஜூலை 2015’. அந்த வீடு கிடைக்காமல் போனதற்கே அந்த வரிதான் காரணம். அன்றைக்குக் கிழித்தெறியாமல் வைத்தது நல்லதாகப் போனது. இப்போதைய அறிக்கையில் அந்த வரி இல்லை. டிஃபோல்ட் 6 வருடத்தில் அழிந்துவிடும்.

ஒரு பயம் மட்டும் நெஞ்சுக்குள் இருந்தது. 2017-இல் யாரோ வசூல்காரர்கள் என் கைத்தொலைபேசிக்கு எடுத்தார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு, “வேலை சரியானதும் கட்டுகிறேன்” என்று சொன்ன ஞாபகம். பேச்சைப் பதிவு செய்திருப்பார்களே! மறுநாள் எடுத்தபோது முதலில் அதைத்தான் சொன்னேன். வாயால் சொன்னது கணக்கில்லை, எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்றார்கள். அப்படியே 2017-இலிருந்து எண்ணினாலும் 2023-இல் முடிந்துவிடுகிறதே என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த இடத்தில் எனக்கு ஒரு சிரிப்பு வந்தது. 9 நாளுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு.

இனிப் படிவம். பதில் படிவத்தில் முதலில் நாலு பெட்டி. ஏ, கடனை ஒப்புக்கொள்கிறேன். பி, ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். சி, கடன் என்னுடையதா என்று தெரியவில்லை. டி, கடனை மறுக்கிறேன். நான் ஏற்கெனவே பென்சிலால் ஏ-க்குச் சரி போட்டு வைத்திருந்தேன். நேர்மையாக இருக்கவேண்டும் என்று. அழிறப்பர் எடுத்து அழித்துவிட்டு டி-க்குப் பேனையால் போட்டேன். காரணம் எழுதும் இடத்தில், இந்தக் கடன் 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படி காலங்கடந்தது, நான் எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளவில்லை, 6 வருடத்துக்குள் நான் கட்டியதாகவோ எழுதியதாகவோ நீங்கள் சொன்னால் அதற்கு ஆதாரம் அனுப்புங்கள், இல்லையென்றால் இனிப் பணம் கேட்க வேண்டாம். இவ்வளவுதான். டெப்ட்லைனின் இணையத்தளத்தில் இதற்கான மாதிரிக் கடிதம் இருக்கிறது, பெயரும் இலக்கமும் மாற்றினால் போதும். மீன் கணக்கு எழுதிய வரவு செலவுப் படிவம் தவணையில் கட்டப்போகிறவர்களுக்கு, எனக்குத் தேவையேயில்லை.

மறுக்கிறேன் என்று எழுதுவது பொய் இல்லையா என்று கேட்டேன். டெப்ட்லைன் பெண் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. இங்கிலாந்தில் 6 வருடம் போனால் கடன் அழிவதில்லை. கோர்ட்டுக்குப் போய் வாங்குகிற உரிமைதான் போகிறது. கட்ட மனமிருந்தால் கட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நீங்கள் மறுப்பது, வழக்குப் போட்டு வாங்கலாம் என்ற அவர்களுடைய பேச்சை. ஸ்கொட்லாந்தில் இது வேறாம். அங்கே 5 வருடம், அதோடு கடனே இல்லாமல் போய்விடும். கட்டுவதா என்று நான் உண்மையிலேயே யோசித்தேன். வங்கி கேட்டிருந்தால் ஒருவேளை கட்டியிருப்பேன். வங்கி எப்போதோ கைகழுவி விற்றுவிட்டது. என் கடனை மூட்டையோடு மூட்டையாக வாங்கியவனுக்கு, எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு குளிர்சாதனப் பெட்டிகூட இல்லாதபோது, மனம் வரவில்லை.

குப்பையில் போடச் சொன்ன மச்சானின் யோசனையைப் பற்றியும் கேட்டேன். அங்கேதான் அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் இறுகியது. கடன் காலங்கடந்ததா என்று கோர்ட் தானாகப் பார்க்காது. எதிராளி எழுந்து சொல்ல வேண்டும். கோர்ட்டிலிருந்து வழக்குப் படிவம் வந்து அதற்கும் 14 நாளில் பதில் போடாமல் விட்டால், 20 வருடப் பழைய கடனாக இருந்தாலும் தீர்ப்பு அவர்கள் பக்கம் விழும். அந்தத் தீர்ப்பு, ஆட்கள் சி.சி.ஜே. என்று சொல்வது, 6 வருடத்துக்கு உங்கள் பெயரோடு பதிவில் கிடக்கும். செத்த கடனுக்கு நாங்களே உயிர் கொடுத்த கணக்கு.

டெப்ட்லைன்காரர் செய்யாததையும் சொல்லவேண்டும். கடிதத்தை உங்களுக்காக எழுதி அனுப்ப மாட்டார்கள், கோர்ட்டுக்கு உங்களோடு வர மாட்டார்கள், சொலிசிட்டரோடு உங்கள் சார்பில் கதைக்க மாட்டார்கள். வழி சொல்வார்கள், எழுதவேண்டியது நீங்கள். என்னைப்போலத் தட்டித் தடவியாவது ஆங்கிலம் வாசிக்கிறவர்களுக்கு இது போதும், ஒருவகையில் நல்லதும்கூட. எழுதத் தெரியாத வயதான ஆட்கள் பக்கத்தில் பிள்ளைகளையோ தெரிந்தவர்களையோ வைத்துக்கொண்டு எடுக்கலாம், அல்லது நேரில் இருந்து கதைக்கச் சிட்டிசன்ஸ் அட்வைஸுக்குப் போகலாம். எங்கள் ஆட்களில் பலருக்கு ஒரு அறை, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர் வேண்டும். அந்த மேசைக்குத்தான் 120 பவுண்ட் கேட்டார்கள்.

டெப்ட்லைனில் இன்னொன்றும் சொல்லித் தந்தார்கள், எனக்குத் தேவைப்படவில்லை என்றாலும் எழுதி வைக்கிறேன். திகதிகள் சாதகமாக இல்லாதவர்கள் 1 பவுண்ட் கட்டணத்தோடு கடன் ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்கலாம், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி. 12 வேலை நாளுக்குள் தரவேண்டும்; தரும்வரைக்கும் அந்த ஒப்பந்தத்தை வைத்துக் கோர்ட்டில் தீர்ப்பு வாங்க முடியாது. பழைய கடனைக் கைமாற்றிக் கைமாற்றி வாங்கிய கம்பெனிகளிடம் பல நேரம் அந்தப் பிரதி இருக்காதாம்.

பெப்ரவரி 24, சனிக்கிழமை. 120 பவுண்டோடு மாடிப்படி ஏறவேண்டிய நாளில் தபாலகத்துக்குப் போனேன். படிவம், கடிதம், இரண்டுக்கும் பிரதி எடுத்து வைத்தாயிற்று. தபால் போட்டதற்கு அத்தாட்சித் துண்டு கேட்டேன். அது இலவசம், கேட்டால்தான் தருவார்கள். கவுண்டரில் இருந்த குஜராத்திப் பெரியவர் முகவரியைப் பார்த்துவிட்டு, துண்டை என் கையில் வைத்து விரலால் இரண்டு தரம் தட்டினார், தொலைத்துவிடாதே என்பதுபோல. இதேபோல எத்தனை உறை அவர் கையால் போயிருக்குமோ. மொத்தச் செலவு ஒரு முத்திரையும் நூலகத்தில் பிரதி எடுத்த சில்லறையும்.

மார்ச் 18-இல் பதில் வந்தது. மெல்லிய உறை. பத்துப் பக்கம் எழுதியவர்கள் இந்தத் தரம் மூன்று வரி எழுதியிருந்தார்கள். எங்கள் கட்சிக்காரரின் அறிவுறுத்தலின்படி கோப்பை மூடிவிட்டோம், மேற்கொண்டு நடவடிக்கை இல்லை. மன்னிப்பும் இல்லை, நீங்கள் சொன்னது சரி என்றும் இல்லை. நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கிற எஃப்.சி.ஏ. அமைப்பின் விதிப்படி, காலங்கடந்தது, கட்டமாட்டேன் என்று நாங்கள் சொன்ன பிறகு தொடர்ந்து கேட்கக்கூடாது. ஆனாலும் கடன் இன்னொரு கம்பெனிக்குக் கைமாறி, அங்கிருந்து ஒரு கடிதம் வரலாம். அதனால் எல்லாவற்றையும் வைத்திருங்கள் என்று டெப்ட்லைனில் சொல்லியிருந்தார்கள். மூன்று வரிக் கடிதம், தபால் துண்டு, 2015 வங்கிக் கூற்று மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சூட்கேஸில் வைத்தேன். மனைவி இந்தத் தரம் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் ஐந்தும் கொடுப்பேன். கடன் தப்பியதற்காக இல்லை. என் திகதிகள் வேறு மாதிரி இருந்திருந்தால் நான் கட்டத்தான் வேண்டியிருந்திருக்கும். அதையும் இதே நிதானத்தோடு சொல்லியிருப்பார்கள் என்று அந்த இரண்டு போனிலும் எனக்குத் தெரிந்தது.

போன கிழமை மச்சான் எடுத்தான். “அத்தான், எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கு. ஏழு வருசப் பழசு. உங்கட அந்த ஆறு வருசக் கடிதத்தை எனக்கு அனுப்பிவிடுங்கோ.”

என்ன கடன் என்று கேட்டேன். கவுன்சில் வரி. அந்த நேரமே கவுன்சில் கோர்ட்டில் உத்தரவு வாங்கியிருக்கிறது, அந்தக் கடதாசியையும் இவன் குப்பையில் போட்டிருக்கிறான். உத்தரவு எடுத்துவிட்ட கவுன்சில் வரிக்கு என் கடிதம் சரிவராது என்றேன். நம்பவில்லை. டெப்ட்லைன் இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை என்று மனைவி சொல்கிறாள்.